தாத்தாவின் கல்லும் காரை ஊரின் கடலும்

சுபாங் ஜெயாவில் எங்கள் வீட்டுப் பூஜை அறையில் முருகன் படத்துக்குக் கீழே, பித்தளைத் தட்டில், ஒரு கல் இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. பழுப்பு நிறம். ஆட்டுக்கிடாயின் கொம்பு மாதிரி சுருண்டு, அதன் மேல் வரிவரியாகக் கோடுகள். 1937இல் நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பலேறி வந்த என் தாத்தா, ஊரிலிருந்து கொண்டுவந்த பொருள்களில் இன்று மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். 1972இல் அம்மா மருமகளாக வந்த நாளில் பாட்டி இந்தக் கல்லை அவர் கையில் கொடுத்து, "இது சாளக்கிராமம், வெள்ளிக்கிழமை தவறாமல் பால் ஊற்று" என்றாராம். அம்மா அன்று தொடங்கியதை இன்றுவரை நிறுத்தவில்லை.

கடந்த ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை, ஐந்தாம் ஆண்டில் படிக்கும் என் மகள் யாழினி அந்தக் கல்லை உற்றுப் பார்த்துவிட்டு, நூலகத்தில் எடுத்த ஒரு புத்தகத்தை விரித்துக் காட்டினாள்.

"பாட்டி, இது சாமி இல்ல. அம்மோனைட். சோத்தோங்குக்குச் சொந்தக்காரன்!"

அம்மா ஒன்றும் பேசவில்லை. பால் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். இரண்டு நாள் பேத்தியோடு சரியாகப் பேசவும் இல்லை. என்னிடம் மட்டும், "ஐம்பது வருசமா நான் சோத்தோங்குக்கா பால் ஊத்தினேன்?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் நான் மாமாக் கடைக்குத் தே தாரிக் குடிக்கப் போய்விட்டேன்.

வாசகர்களே, இந்தச் சங்கடம் பல வீடுகளில் வேறு வேறு உருவத்தில் நடப்பதுதான். பிள்ளை பள்ளியில் படித்ததைச் சொல்கிறது, பெரியவர்களுக்கு மனம் நோகிறது. நடுவில் நாம். இந்த முறை நடுவில் நின்றதால் எனக்கு ஒரு பயணம் கிடைத்தது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மகள் சொன்னது பாதி சரி, பாட்டி சொன்னதும் பாதி சரி. வைணவர்கள் வணங்கும் சாளக்கிராமம் நேபாளத்தின் கண்டகி ஆற்றில் கிடைப்பது. நூற்றெட்டுத் திருப்பதிகளில் ஒன்றான முக்திநாத் அந்த ஆற்றின் பக்கம்தான் இருக்கிறது. அந்தக் கருங்கற்களில் பலவற்றின் உள்ளே சக்கரம் போலத் தெரிவது அம்மோனைட் என்னும் பழங்காலக் கடல் உயிரியின் ஓடு. இமயமலை எழும்புமுன் அங்கே கடல் இருந்தது. ஆறு மலையை அரித்து, அந்தக் கடலின் மிச்சத்தைக் கரையில் ஒதுக்குகிறது. எனவே சாளக்கிராமம் என்பதும் அம்மோனைட் என்பதும் சண்டை போட வேண்டிய இரண்டு பெயர்கள் அல்ல.

ஆனால் எங்கள் தாத்தா கண்டகிப் பக்கம் போனவர் அல்லர். அவர் ஊர் திருச்சிக்கு வடக்கே, ஊட்டத்தூருக்கும் லால்குடிக்கும் இடையே ஒரு சிற்றூர். சுருள் கல் அவருக்கு எங்கே கிடைத்தது?

ஊரில் எனக்குத் தம்பி முறையாகும் ஒருவர் இருக்கிறார். புவியியல் படித்தவர். தாத்தாவின் தம்பி வழிப் பேரன். கல்லைப் படம் எடுத்து அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் அழைத்தார். "அண்ணா, இந்த மாதிரி கல்லு நம்ம ஊருப் பக்கம் ஓடையில கிடக்கும். பெரியம்மாவையும் பாப்பாவையும் கூட்டிக்கிட்டு வாங்க. பாப்பாவுக்குக் கடல் பல்லி தேடக் காட்டுறேன்."

கடல் பல்லி என்ற சொல் போதுமாயிருந்தது. யாழினி பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டாள். எழுபத்து மூன்று வயது அம்மா, "உங்க அப்பா பொறந்த மண்ண நானும் பாத்ததில்ல" என்று மட்டும் சொல்லிப் புறப்பட்டார். பொங்கல் முடிந்த அடுத்த வாரம் திருச்சியில் இறங்கினோம்.

திருச்சியிலிருந்து சென்னை நெடுஞ்சாலையில் வடக்கே போய்க் கிழக்கே திரும்பினால் வயல்கள் சிறிது தூரம் கூடவே வருகின்றன. பிறகு நிலம் மாறுகிறது. பெரம்பலூர் மாவட்டத்தின் காரை என்ற ஊரை ஒட்டி மரமே இல்லாத மேடுகள். மழைநீர் ஓடி ஓடி அவற்றை ஆயிரம் மடிப்புகளாக அரித்து வைத்திருக்கிறது. மஞ்சளும் சாம்பலும் கலந்த களிமண். வெயில் பட்டால் கண்ணாடித் துண்டுகள் போல மின்னுவது ஜிப்சம். யாழினி இறங்கியதும், "சித்தப்பா, கடல் எங்க?" என்றாள். "நீ நிக்கிறதே கடலோட அடியிலதான் பாப்பா" என்றார் தம்பி.

கதை இதுதான். இந்தியா ஒரு காலத்தில் அண்டார்டிகாவோடும் ஆஸ்திரேலியாவோடும் ஒட்டியிருந்தது. அவை பிரிந்தபோது கிழக்கு விளிம்பில் நிலம் விரிசல் விட்டுத் தாழ்ந்தது. அந்தப் பள்ளத்தில் கடல் புகுந்தது. இன்றைய திருச்சி, பெரம்பலூர், அரியலூர் பகுதிகளில் பல கோடி ஆண்டுகள் கடல் ஏறியும் இறங்கியும் கிடந்தது. காரையின் களிமண் ஏறத்தாழ 10 கோடி ஆண்டுக்கு முந்தைய கடலடிச் சேறு. கல்லக்குடியில் 1939இல் வந்த சிமெண்ட் ஆலையும், பிறகு அரியலூரைச் சுற்றி வரிசையாக எழுந்த ஆலைகளும் தோண்டி எடுக்கும் சுண்ணாம்புக் கல், அந்தக் கடலின் பவளமும் சிப்பியும்தான். திருச்சி வட்டாரத்தில் எழும்பும் சிமெண்ட் வீடுகளின் சுவரில் அந்தக் கடல் கொஞ்சம் இருக்கிறது.

இந்த வட்டாரத்தின் சிப்பிகளையும் அம்மோனைட்டுகளையும் 1840களிலேயே கேய், கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் திரட்டி லண்டனுக்கு அனுப்பினார்கள். பிறகு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பிளான்ஃபோர்டு இந்த ஊர்களைச் சுற்றி வரைபடம் போட்டார். செக் நாட்டில் பிறந்த ஸ்டோலிச்கா, தென்னிந்தியாவின் இந்தப் பழங்கடல் உயிரிகளை விவரித்துப் பெரிய தொகுதிகளாக எழுதினார். ஊட்டத்தூரும் அரியலூரும் அன்றிலிருந்து உலகப் புவியியலாளர்களுக்குத் தெரிந்த பெயர்கள். பாறை அடுக்குகளுக்கே 'ஊட்டத்தூர்க் குழுமம்', 'அரியலூர்க் குழுமம்' என்றுதான் பெயர். நம் தாத்தாக்கள் பிழைப்புக்காக விட்டுவந்த ஊர்களை உலகம் இப்படி மதிக்கிறது என்பது எனக்கு அதுவரை தெரியாது.

இனி யாழினியின் கடல் பல்லிக்கு வருவோம். இக்தியோசார் என்று அதற்குப் பெயர். உருவம் டால்பின் போல, ஆனால் மீனுமல்ல, பாலூட்டியுமல்ல, ஊர்வன இனம். மூச்சு விட மேலே வர வேண்டும். முட்டையிடக் கரைக்கு வராமல் தண்ணீரிலேயே குட்டி போடும். பெரிய கண். நீண்ட மூக்கு நிறையக் கூர்மையான பற்கள். 1879இல் லிடெக்கர் என்ற அறிஞர், இந்தத் திருச்சி வட்டாரத்தில் கிடைத்த சில முதுகெலும்புகளைப் பார்த்து அதற்கு 'இண்டிகஸ்' என்று இந்தியாவின் பெயரை வைத்தார். பிறகு நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அதைப் பற்றிப் பெரிய பேச்சில்லை. 2011இல்தான் இந்திய, வெளிநாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து, இதே காரைக் களிமண்ணில் கிடைத்த சுறாப் பற்களோடு இக்தியோசாரின் மிச்சங்களையும் விவரித்துக் கட்டுரை வெளியிட்டார்கள். இன்னொரு செய்தி. டைனோசார்கள் அழிந்தது 6.6 கோடி ஆண்டுக்கு முன். இக்தியோசார்கள் அதற்கும் இரண்டரைக் கோடி ஆண்டுக்கு முன்பே மறைந்துவிட்டன. காரையின் கடலில் நீந்தியவை அந்த வம்சத்தின் கடைசித் தலைமுறைகளைச் சேர்ந்தவை.

தேடுவது எப்படி என்று தம்பி சொல்லிக் கொடுத்தார். மண்ணைத் தோண்டக் கூடாது. மழை ஏற்கெனவே தோண்டி வைத்திருக்கிறது. காலை வெயில் சாய்வாக விழும்போது ஓடையின் அடியில் குனிந்து நடக்க வேண்டும். நல்ல துண்டு ஒன்று கண்ணில் பட்டால், அது எந்த மடிப்பிலிருந்து உருண்டு வந்தது என்று ஓடையின் மேல்பக்கமாக ஏறிப் பார்க்க வேண்டும். முதுகெலும்பு கேரம் காயைப் போல வட்டமாக, இரண்டு பக்கமும் கிண்ணம் மாதிரி குழிந்திருக்கும். உடைந்த இடத்தில் ரொட்டியைப் போல நுண்ணிய துளைகள் தெரிந்தால் எலும்பு. ஒரே வழவழப்பாக இருந்தால் வெறும் கல்.

இரண்டு மணி நேரம் நடந்தோம். செருப்பில் களிமண் அப்பி, ஆளுக்கு ஒரு கிலோ கூடியிருந்தது. அப்போது யாழினி கத்தினாள். "சித்தப்பா! கேரம் காய்!"

கறுப்பாக, வட்டமாக, நடுவில் லேசான குழி. என் நெஞ்சே வேகமாக அடித்தது. நாளை பத்திரிகையில் படம் வரும் என்று ஒரு நொடி நினைத்தேன், மறைக்காமல் சொல்கிறேன். தம்பி வாங்கி, லென்ஸ் வைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாஸ்பேட் உருண்டை பாப்பா. இங்க நிறையக் கிடக்கும். எலும்பு மாதிரியே ஏமாத்தும்."

அவள் கண்ணில் நீர் கோத்துவிட்டது. "நல்லாப் பாருங்க" என்றாள். தம்பி சிரிக்கவில்லை. மறுபடியும் பார்த்தார். லென்ஸை அவள் கையில் கொடுத்து, "நீயே பாரு, துளை தெரியுதா?" என்றார். நீண்ட நேரம் பார்த்துவிட்டு அவள் மெதுவாக, "இல்ல" என்றாள்.

என் பயணச் செலவு முழுவதும் அந்த ஒரு 'இல்ல'வுக்கே தகும். ஆசைப்பட்டதைத் தன் கண்ணாலேயே சோதித்து, இல்லை என்று ஒப்புக்கொள்வது பெரியவர்களுக்கே வராத பழக்கம். 2020 அக்டோபரில் இதே பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னத்தில், குளத்தில் மண் எடுத்தபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்தன. டைனோசார் முட்டை என்று கைப்பேசிகளில் செய்தி பறந்தது. கூட்டம் கூடியது. அறிஞர்கள் வந்து பார்த்து, அவை அம்மோனைட்டுகளைச் சுற்றி மண் இறுகி உருண்ட கற்கள் என்றார்கள். அப்போது அந்தப் படத்தை நம்மில் எத்தனை பேர் குடும்பக் குழுவில் பகிர்ந்திருப்போம்! நானும் பகிர்ந்தேன்.

ஏமாற்றத்தோடு திரும்பும் வழியில் தம்பி குனிந்து, துப்பாக்கிக் குண்டு போன்ற ஒரு சிறு கல்லை எடுத்தார். பெலம்னைட். சோத்தோங் போன்ற ஓர் உயிரியின் உடலுக்குள் இருந்த கெட்டியான முள். "இது இக்தியோசாரோட சாப்பாடு. வேற நாடுகள்ல கிடைச்ச இக்தியோசார் வயித்துல, இந்தச் சாதியோட கொக்கி முள்ளு அப்படியே இருந்திருக்கு. சாப்பாடு இங்க இவ்வளவு கிடக்குன்னா, சாப்பிட்டவனும் இங்கதான் எங்கயோ இருப்பான்." யாழினியின் முகம் மறுபடி மலர்ந்தது.

இதற்கிடையே அம்மாவை நாங்கள் மறந்தே போயிருந்தோம். வண்டி நிழலில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தோம். திரும்பி வந்தபோது நாற்காலி காலி. சற்றுத் தள்ளி ஓடைக்கரையில், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்து நின்றார். அருகே போனோம். களிமண்ணில் பாதி புதைந்து ஒரு சுருள் கல். எங்கள் வீட்டுக் கல்லைப் போலவே. ஓரடி தள்ளி இன்னொரு உடைந்த சுருள். அப்பால் இன்னொரு அச்சு.

"இத்தனையா?" என்றார் அம்மா. கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு தம்பியிடம், "ஏன்யா, உங்க பெரிய தாத்தா இங்கேருந்துதான் எடுத்திருப்பாரா?" என்று கேட்டார்.

"இருக்கலாம் பெரியம்மா. உறுதியாச் சொல்ல முடியாது. எந்த ஓடை, எந்த அடுக்குன்னு எழுதி வைக்கலையே. கல்லு கிடந்த இடம் தெரிஞ்சாத்தான் அதோட வயசும் கதையும் தெரியும்."

"அவருக்கு எழுதத் தெரியாதே" என்றார் அம்மா. குரல் கம்மியிருந்தது. "ஊரை விட்டுப் போறப்ப ஊருலேருந்து ஒரு கல்லு. அவ்வளவுதான் அவருக்கு."

யாழினி பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் ஓடையைப் பார்த்தபடி நின்றேன்.

கிடந்த சுருளை எடுத்துக்கொள்ளட்டுமா என்று மகள் கேட்டாள். எனக்கும் ஆசைதான். தம்பி ஒரு வழி சொன்னார். பக்கத்தில் ஒரு பேனாவை வைத்துப் படம் எடு. கைப்பேசியில் இடத்தைக் குறித்துக்கொள். தேதி எழுது. கல் இங்கேயே இருக்கட்டும். "நீ எடுத்துட்டுப் போனா சுபாங் ஜெயாவில ஒரு அழகுப் பொருள். இங்க இருந்தா நாளைக்கு ஒருத்தர் ஆராய்ச்சிக்கு வரலாம்." அவள் சிறிது யோசித்து, படம் எடுத்தாள். கல்லைத் தொடவில்லை. மறுநாள் அரியலூரை அடுத்த வாரணவாசியில் உள்ள தொல்லுயிர் அருங்காட்சியகத்துக்குப் போனோம். கண்ணாடிப் பெட்டிகளில் சுருள் கற்களைப் பார்த்து அம்மா ஒவ்வொன்றின் முன்னும் நின்றார். கும்பிடவில்லை. ஆனால் செருப்பை வாசலிலேயே விட்டிருந்தார்.

தேடுகிறவர்களுக்கு எப்போதும் வெறுங்கைதான் என்று நினைக்க வேண்டாம். குஜராத்தின் கச்சுப் பகுதியில் லோடாய் கிராமத்தருகே, ஏறக்குறைய முழுமையான ஓர் இக்தியோசார் எலும்புக்கூடு, 5.5 மீட்டர் நீளத்தில், கிடைத்தது. டெல்லிப் பல்கலைக்கழகக் குழுவினர் 2017இல் அதை அறிவித்தார்கள். இங்கிலாந்தில் செவர்ன் ஆறு கடலில் சேரும் கரையோரம், 2020இல் தந்தையோடு நடந்துபோன 11 வயதுச் சிறுமி பெரிய எலும்புத் துண்டு ஒன்றைக் கண்டாள். அவர்கள் அறிஞர்களுக்குச் சொன்னார்கள். துண்டுகள் சேர்ந்தபோது அது 2 மீட்டருக்கும் நீளமான தாடை எலும்பு. விலங்கின் நீளம் சுமார் 25 மீட்டர் இருக்கலாம் என்று கணக்கிட்டு, 2024இல் செவர்ன் ஆற்றின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். தந்தையும் மகளும் அதை வீட்டுக் கூடத்தில் மட்டும் வைத்திருந்தால் அறிஞர்களுக்கு அந்த எலும்பே தெரியாமல் போயிருக்கும்.

அவ்வளவு தூரம் போவானேன்? நாம் துணி எடுக்கவும் சாப்பிடவும் ஓடுகிற ஹாட்யாய்க்கு வடக்கே பத்தலுங் இருக்கிறது. அந்த மாநிலத்தின் சுண்ணாம்புப் பாறையில் கிடைத்த மிகப் பழைய வகை இக்தியோசாருக்கு 1991இல் 'தாய்சாரஸ்' என்று பெயரிட்டார்கள். காரையின் இக்தியோசார் வம்சத்தின் கடைசிப் பக்கம் என்றால், இது முதல் பக்கங்களில் ஒன்று. நம் நாட்டிலும் பகாங்கின் உட்பகுதியில் மலாயாப் பல்கலைக்கழகக் குழு டைனோசார் பல்லைக் கண்டெடுத்து 2014இல் அறிவித்தது. லங்காவி 2007இலேயே யுனெஸ்கோவின் புவிப்பூங்கா ஆனது. ஈப்போவில் புவியியல் அருங்காட்சியகம் இருக்கிறது. அடுத்த பள்ளி விடுமுறையில் பேரங்காடிக்கு ஒரு நாள் விடுப்புக் கொடுத்துப் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போங்கள். தமிழ்நாட்டுக்குப் போகிறவர்கள் கோயில் பட்டியலில் கங்கைகொண்ட சோழபுரத்தைச் சேர்த்தால், அதே மாவட்டத்தில் உள்ள வாரணவாசியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காரைக்கு விவரம் தெரிந்த ஒருவரோடு, தண்ணீரும் தொப்பியும் எடுத்துக்கொண்டு போங்கள். சுண்ணாம்புக் குவாரிக்குள் அனுமதியில்லாமல் நுழைய வேண்டாம்.

வீட்டுக்கு வந்து சேர்ந்த முதல் வெள்ளிக்கிழமை நான் பூஜை அறைப் பக்கம் கொஞ்சம் பயத்தோடுதான் எட்டிப் பார்த்தேன். அம்மா வழக்கம்போல் விளக்கேற்றிக் கல்லுக்குப் பால் ஊற்றினார். பக்கத்தில் யாழினி கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தட்டின் கீழே ஒரு சிறு அட்டை. அவள் கையெழுத்து:

அம்மோனைட். கிடைத்த இடம்: கொள்ளுத்தாத்தாவின் ஊர்ப் பக்கம். கொண்டுவந்தவர்: கொள்ளுத்தாத்தா, ரஜூலா கப்பல், 1937. இப்போது இருக்கும் இடம்: சுபாங் ஜெயா, பழைய சீஃபீல்ட் தோட்டம்.

தாத்தா பால்மரம் வெட்டியது அந்தத் தோட்டத்தில்தான். அதை அழித்துத்தான் நாங்கள் குடியிருக்கும் வீடமைப்புப் பகுதி எழுந்தது. சீஃபீல்ட் என்றால் கடல் வயல் என்று மகள் பாட்டிக்கு விளக்கிக்கொண்டிருந்தாள்.

"அப்ப அவரு கடலை விட்டு எங்கயும் போகலைன்னு சொல்லு" என்றார் அம்மா. கிண்ணத்தில் மிஞ்சியிருந்த பாலைத் துளசிச் செடிக்கு ஊற்ற வெளியே போனார்.